அமுக்கி விட்டுப் பார்த்தல்

ஆரையம்பதிக் கலியாணத்தில்
இரண்டாவது பாட்டின் நடுவில்
கைப்பிடியை ஒருக்கா அமுக்கி விட்டேன்.
ஒலி அழகாகத்தான் கீழே போனது
கிணற்றுக்குள் வாளி மாதிரி.
மேலே வரும்போது தண்ணி குறைவு.
ஆறாவது தந்தி அரைக்கால் சுருதி இறங்கி நிற்க,
கீபோர்ட் மெல்றோய் திரும்பிப் பார்த்த பார்வையை
இன்னும் பேக்கில் கொண்டு திரிகிறேன்.

அன்றிரவு பின்தட்டைக் கழற்றினேன்.
ஐந்து ஸ்பிரிங்கிலும் துரு.
கடற்காற்று கேட்டுக்கொண்டா உள்ளே வரும்?
கல்லடியில் பிறந்தவளுக்குப்
பாலம் ஆடுவது புதிதில்லை.
பழைய இரும்புப் பாலத்தில் பஸ் ஏறினால்
பல்லெல்லாம் தனித்தனியாய்க் கேட்கும்.
ஆனாலும் அது ஆடி முடிந்ததும்
ஆடத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.
எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

தை மாதச் சீட்டு என் பேருக்கு விழுந்தது.
எண்பத்தையாயிரம்.
குலுக்கலில் வந்த காசு
குலுங்காத ஒன்றுக்கு.

திருமலை வீதிக் கடையில்
நெருப்புச் சிவப்பாய் ஒன்று, என் முகம் தெரிய.
"மிஸ், உங்களுக்கா, தம்பிக்கா?"
பதில் சொல்லாமல் ரியூனரைக் கொழுவினேன்.
அமுக்கி விட்டேன். முள் இடப்பக்கம் நின்றது.
இழுத்து விட்டேன். வலப்பக்கம் நின்றது.
"வாசிக்க வாசிக்கச் சரிவரும், மிஸ்."
நான் லீசிங் கம்பனியில் கவுண்டரில் இருக்கிறவள்.
அடுத்த மாசம் கட்டுறன் என்பதை
ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்கிறவள்.

அக்கரைப்பற்றில் இர்ஷாத் நானா வீட்டில் மற்றது.
கறுப்பு. தோஹாவில் வாங்கியதாம்.
பதினொரு வருசத்து வெள்ளிக்கிழமைகள்
அதன் கழுத்தில் வழுவழுத்துக் கிடந்தன.
பூட்டு வைத்த நட். இரண்டு கத்திமுனையில்
தொட்டும் தொடாமலும் மிதக்கிற பிரிட்ஜ்.
கீழே தள்ளினேன், மேலே இழுத்தேன்,
தந்திகள் தொளதொளக்கும்வரை தள்ளினேன்.
விட்டதும் முள் நடுவில்.
மயிரிழை பிசகவில்லை.
எனக்குக் கை நடுங்கிற்று.

அவர்தான் சொன்னார், விற்க வந்த மனுசன்:
"ஒரு தந்தி அறுந்தா மத்த அஞ்சும் ஏறிரும், தங்கச்சி.
எல்லாம் ஒன்டையொன்டு பிடிச்சித்தான் நிக்கிது.
மேடையில பாத்துக்கங்க."
வந்து எட்டு மாசமாம்.
"இன்னும் செட் ஆகல்ல" என்றார்.
கிற்றாரைப் பற்றியா என்று
நான் கேட்கவில்லை.
தேத்தண்ணி நல்ல இனிப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் கல்முனைவரை
அறாத தந்தியைப் பற்றி யோசித்தேன்.
என் கையில் மாசம் இரண்டு அறும்.

மூன்றாவது, சின்ன உப்போடையில்
ரொட்னி பல்தசாரின் மரவேலைப் பட்டறையில்,
அலுமாரிக் கதவுகளுக்குப் பின்னால்.
நிறம் என்று ஒன்றுமில்லை. பழைய பேரீச்சம்பழம்.
ஒரு மூலையில் வார்னிஷ் உரிந்திருந்தது.
பிரிட்ஜ் மரத்தில் குந்திக்கொண்டிருந்தது.
"மேலே இழுபடாது, சொல்லிப்போட்டன்.
கீழே மட்டும்தான் போகும்.
வந்தால் பலகையில் முட்டி நிற்கும்."
நட்டின் வெட்டுகளில் பென்சில் கரி தடவியிருந்தார்.

பதினேழு தரம் அமுக்கினேன்.
பதினேழு தரமும் முட்டி நின்றது.
பிறகு, அவர் தடுக்குமுன்,
மூன்றாம் தந்தியைக் குறட்டால் வெட்டிவிட்டு
மிச்சத்தை மீட்டினேன்.
ஐந்தும் அசையவில்லை.
"பிள்ளைக்கு என்ன விசரா?" என்றார்.
தந்திக்கும் சேர்த்து எழுபத்திரண்டு கொடுத்தேன்.

மேலே இழுக்கும் அந்த ஒரு நெளிவு,
நடுப்பாட்டில் ஒரு நொடி
குரல் தன்னை மறந்து எட்டிப் பார்ப்பது போல
ஒன்று வருமே,
அது இனி எனக்கில்லை.
ஓட்டோவில் வரும்போது
அதை வாயால் இரண்டு தரம் செய்து பார்த்தேன்.
ஓட்டோக்காரர் கண்ணாடியைச் சரிசெய்தார்.

ஆற்றுக்குள் மீன் பாடுமாம்.
பாடட்டும், அதற்கு ஸ்பிரிங் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை களுவாஞ்சிக்குடியில் கலியாணம்.
கைப்பிடி இப்போது என் கைப்பையில்,
ரசீதுக் கட்டுக்கும் சீப்புக்கும் நடுவில்.
மெல்றோய்க்கு இன்னும் சொல்லவில்லை.
இரண்டாவது பாட்டில்
முதலில் நான் அவனைப் பார்க்கப்போகிறேன்,
பிறகுதான் அமுக்குவேன்.